பயொப்சி செய்த மூன்றாம் நாள்

பயொப்சி செய்த மூன்றாம் நாள் நான் இடியப்பம் பிழிந்தேன். பன்னிரண்டு பேருக்கு. கலியாண வீடொன்றுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து மாமியின் தங்கச்சி குடும்பம் வந்து எங்கள் வெள்ளவத்தை வீட்டில் நின்றது. மர உரலை இரண்டு கையாலும் அமத்தும்போது வலது மார்புக்குள் ஏதோ இழுபட்டது. பேசாமல் பிழிந்து முடித்தேன். அந்த இடத்தில் ஊசி ஏற்றிச் சதை எடுத்திருக்கிறார்கள் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பின்னேரம் குளியலறையில் பார்த்தால் தேசிக்காய் அளவில் ஒரு வீக்கம்.

நான் தையல்காரி. சாறிச் சட்டைதான் பிழைப்பு. இருபது வருடமாக நாளுக்கு நாலைந்து பெண்களின் மார்பளவு எடுக்கிறேன். ஒரு பக்கம் எடுத்துவிட்டு வந்தவர்களுக்கு உள்ளே பஞ்சு வைத்து, இரண்டு பக்கமும் ஒரேமாதிரி விழும்படி தைத்துக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் சொல்லும் கதைகளை ஊசியை வாயில் கவ்விக்கொண்டு கேட்டிருக்கிறேன். ஆனால் என்னுடையதை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை.

அதைக் கண்டுபிடித்தது சுகவனிதையர் கிளினிக். 1996 முதல் நடக்கிற இலவசக் கிளினிக் அது. 35 வயதிலும் 45 வயதிலும் பெண்களைக் கூப்பிட்டுச் சோதிப்பார்கள். 35இல் மிட்வைஃப் மிஸ் கூப்பிட்டபோது தீபாவளித் தையல் என்று சாட்டுச் சொன்னேன். 45இல் போனதும் கருப்பைக் கழுத்துச் சோதனைக்குத்தான். மார்பையும் பார்க்கிறோம் என்று டொக்டர் விரல்களை வட்டமாக உருட்டிக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நின்றார். "இதில நோகுதோ?" நோகவில்லை. நோகவில்லை என்றதும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அது ஆறுதலுக்குரிய விஷயமே அல்ல என்று பிறகு அறிந்தேன். நோகாத கட்டியையும் காட்டத்தான் வேண்டும், நோகிற கட்டியையும் காட்டத்தான் வேண்டும்.

அங்கிருந்து ஒரு கடிதத்தோடு ஆஸ்பத்திரி சத்திரசிகிச்சைக் கிளினிக். அங்கே ஸ்கானும், மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மமோகிராமும் எழுதினார்கள்.

மமோகிராமுக்குப் போன காலை, கொழும்பு வெக்கைக்குப் பயந்து கமக்கட்டில் பவுடரை அள்ளிக் கொட்டிக்கொண்டு போனேன். படமெடுக்கிற பிள்ளை ஈரப் பஞ்சைக் கையில் தந்து, "முழுக்கத் துடைச்சிட்டு வாங்கோ அன்ரி" என்றாள். பவுடரிலும், வியர்வை மணத்துக்குப் பூசுகிற மருந்துகளிலும் இருக்கும் துகள்கள் படத்தில் சின்னச் சின்னச் சுண்ணாம்புப் பொட்டுகள் மாதிரி விழுமாம். அவர்கள் தேடுவதும் அப்படியான பொட்டுகளைத்தான். ஆகவே அன்றைக்கு வியர்த்து வழிந்தாலும் பரவாயில்லை, ஒன்றும் பூசாமல் போங்கள்.

ரிப்போர்ட்டை ஓட்டோவுக்குள் வைத்தே உடைத்துப் பார்த்தேன். 'பைராட்ஸ் 4ஏ' என்றிருந்தது. நாலாம் கட்டம் என்று நினைத்துவிட்டேன். மகனுக்குச் சாதாரணதரப் பரீட்சை வருகிறது, கணவர் கட்டாரில், தைத்துக் கொடுக்க ஒன்பது சட்டை கிடக்கிறது. இதெல்லாம் ஒன்றாக ஓடியது. வெள்ளவத்தைச் சந்தையைத் தாண்டி எங்கே இறங்குவதென்றுகூடத் தெரியவில்லை.

அது கட்டம் அல்ல. படத்தைப் பார்த்தவர் எவ்வளவு சந்தேகப்படுகிறார் என்பதற்குப் போடுகிற இலக்கம். 0 என்றால் இன்னும் படம் வேண்டும். 1, 2 பயமில்லை. 3 என்றால் சில மாதத்தில் திரும்பப் பார். 4 என்றால் சதை எடுத்துப் பார். 5 என்றால் பெரும்பாலும் புற்றுநோய். 6 ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு. 4க்குள்ளும் ஏ, பி, சி என்று மூன்று உண்டு. 4ஏ என்று எழுதப்பட்ட நூறு பேரில் இரண்டு முதல் பத்துப் பேருக்குத்தான் புற்றுநோயாக இருக்கும். இதை டொக்டர் ஒரு நிமிடத்தில் சொல்லி முடித்தார். அந்த ஒரு நிமிடத்துக்காக நான் ஐந்து இரவு நித்திரை கொள்ளாமல் கிடந்தேன்.

கொழும்புத் தமிழரின் பேச்சில் 'மகரகம' என்பது ஊர்ப் பெயர் மட்டுமல்ல. "அவவ மகரகமைக்குக் கொண்டுபோயிட்டினமாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால், வேறு விளக்கம் தேவையில்லை. அங்குள்ள புற்றுநோய் ஆஸ்பத்திரியின் பெயரை அபேக்ஷா, அதாவது நம்பிக்கை, என்று மாற்றியும் 138 பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போது சனம் இன்னும் அப்படித்தான் பார்க்கும். நான் வீட்டில் வாய் திறக்காததற்கு அந்த ஒரு சொல்தான் காரணம். மாமிக்கு 72 வயது. கேட்டதும் விழுந்துவிடுவா என்று நானாக முடிவுகட்டினேன். பம்பலப்பிட்டியில் வேலை செய்கிற தங்கச்சிக்கு மட்டும் சொன்னேன்.

தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போனது இந்தக் கதையில் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம். சம்மதப் படிவம் சிங்களத்தில் இருந்தது. தமிழில் இருக்கிறதா என்று கேட்டேன்; முடிந்துவிட்டது, இங்கிலிஷில் தரட்டா என்றார்கள். 1987இல் பதின்மூன்றாம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழியானது. படிவக் கட்டு முடிவதும் எப்போதும் தமிழில்தான் முதலில். தங்கச்சி ஒவ்வொரு வரியாக வாசித்துச் சொன்ன பிறகுதான் கையெழுத்து வைத்தேன். விளங்காத தாளில் வெட்கப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள். வாசித்துச் சொல்லும்வரை கேளுங்கள், பின்னால் நிற்கிற வரிசை முணுமுணுத்தாலும்.

முதல் நாள் என்ன சாப்பிடுவது, சாப்பிடாமல் போவதா என்று எனக்குப் பெரிய குழப்பம். பயொப்சி அந்த இடத்தை மட்டும் விறைக்கவைத்துச் செய்கிறது. பட்டினி கிடக்கத் தேவையில்லை. பாணும் பருப்பும் சாப்பிட்டு, பிரஷர் குளிசையும் போட்டுக்கொண்டுதான் போனேன். வெறும் வயிற்றோடு வந்த ஒரு அக்கா வரிசையிலேயே தலை சுற்றி இருந்துவிட்டா. அவவுக்குப் பிளேன்ரீ வாங்கிக் கொடுக்க இரண்டு பேர் ஓடினார்கள்.

இரத்தத்தை இளக்குகிற குளிசைகள் வேறு விஷயம். அஸ்பிரின், குளோபிடோகிறெல், வார்ஃபரின் போடுகிறவர்கள் நாள் குறிக்கும்போதே சொல்லவேண்டும். சொல்லத்தான் வேண்டும், தாங்களாக நிறுத்தக்கூடாது. இருதயத்துக்கு எழுதிய டொக்டரும் இவர்களும் பேசி முடிவெடுக்கிற சங்கதி அது. நான் அப்படி ஒன்றும் போடுவதில்லை என்று சொல்லிவிட்டு எழும்பப் போனேன். "வேற குளிசை ஒண்டும் இல்லையோ, கடையில வாங்கிற ஏதாவது?" என்று கேட்டபோதுதான் மீன் எண்ணெய்க் குளிசை நினைவுக்கு வந்தது. அதையும் சில நாள் நிறுத்தச் சொன்னார்கள். நாங்கள் மருந்தென்று எண்ணாமல் விழுங்குகிறவைதான் சொல்ல மறந்துபோகிறவை. பையில் கட்டிக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள்.

உடுப்பைப்பற்றி நான் பேசலாம், அது என் தொழில். சாறி வேண்டாம். முதுகில் சிப் வைத்த சுரிதார் வேண்டவே வேண்டாம். திரும்பி வரும்போது கையைப் பின்னால் கொண்டுபோக முடியாது. முன்னுக்குத் தெறி வைத்த, தோளில் இறுக்கமில்லாத சட்டை. நிறம் கடும் நீலம், மெரூன், கறுப்பு. நான் என் கெட்டித்தனத்தில் புதிதாகத் தைத்த சந்தன நிறச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். துடைக்கிற அயடின் மருந்து மார்பிலிருந்து வழிந்து இடுப்புவரை கறை. பிரா ஒன்று கட்டாயம்: கம்பி வைக்காத, பருத்தி, கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது. அது அலங்காரத்துக்கல்ல. இரத்தம் கசியாமல் அமத்திப் பிடிக்கிற கட்டு அதுதான்.

ஊசியின் அளவைக் கேட்டேன். எனக்குக் கேட்காமல் இருக்க முடியாது. "14" என்றார் டொக்டர். மனம் இலேசாகிவிட்டது. பருத்திச் சட்டைக்கு என் மெஷினில் நான் போடுவதும் 14ஆம் நம்பர் ஊசிதானே! பிறகுதான் தட்டைப் பார்த்தேன். தையல் ஊசியில் இலக்கம் கூடக்கூடத் தடிப்பும் கூடும். ஆஸ்பத்திரி ஊசியில் இலக்கம் குறையக்குறையத் தடிப்பு. என் 14 ஒரு மில்லிமீற்றரும் இல்லை. அவர்களின் 14 இரண்டு மில்லிமீற்றர். மெல்லிய ஊசியால் உறிஞ்சி எடுப்பதென்று இன்னொன்று உண்டு, அதில் கலங்கள் மட்டும்தான் வரும். இதில் சதை இழையாக வருவதால் அது என்ன வகை என்று நன்றாகச் சொல்லலாமாம்.

மல்லாக்கப் படுக்கவைத்து, முதுகுக்கு ஒரு பக்கமாகத் தலையணை கொடுத்து, வலது கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொன்னார்கள். அந்தக் கைதான் கடைசியில் எல்லாவற்றையும்விட நொந்தது. ஸ்கான் களி குளிரென்றால் அப்படி ஒரு குளிர். விறைக்கிற ஊசி ஏற்றும்போது எரிந்தது. மனதுக்குள் பத்து எண்ணினேன், எட்டில் எரிவு விட்டுவிட்டது. பிறகு முனையால் குத்தி "கூர் தெரியுதோ?" என்று கேட்டார். அமத்துவது தெரியும், கூர் தெரியாது. கூர் தெரிந்தால் உடனே சொல்லவேண்டும், இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பதற்குப் பரிசு ஒன்றும் தருவதில்லை.

சின்னதாக ஒரு வெட்டு. அதற்கு முன் டொக்டர் ஊசித் துவக்கை என் காதருகே ஒருமுறை வெறுமனே அடித்துக் காட்டினார். 'டக்'. சட்டைக்கு அமுக்குத் தெறி அடிக்கிற அதே சத்தம். இதைக் காட்டாமல் செய்திருந்தால் நான் கட்டாயம் துள்ளியிருப்பேன். உங்களுக்குக் காட்டாவிட்டால் கேட்டு வாங்குங்கள். மொத்தம் ஐந்து முறை டக். நாலாவதில் ஒரு சுண்டல் மாதிரி உள்ளுக்குள் தெரிந்தது, மற்றதெல்லாம் சத்தம்தான்.

எடுத்ததைப் பார்க்கலாமா என்று கேட்டேன். ஃபோர்மலின் போத்தலுக்குள் வெள்ளை நூல் துண்டுகள் மாதிரி ஐந்து. அடியில் கிடந்தன. கொழுப்பென்றால் மிதக்கும், கட்டிச் சதை தாழும், தாழ்ந்தது நல்லது, வேண்டியதுதான் வந்திருக்கிறது என்று நேர்ஸ் சொன்னா. அப்போதுதான் போத்தலில் ஒட்டியிருந்த பெயரைக் கண்டேன். என் பெயரில் ஒரு எழுத்துப் பிழை. கிளினிக் கொப்பியில் ஒருமாதிரி, போத்தலில் ஒருமாதிரி. தமிழ்ப் பெயரை இங்கிலிஷில் எழுதும்போது ஆளுக்கொரு விதம். சரி போகட்டும் என்று விட்டிருப்பேன். தங்கச்சி விடவில்லை, இலக்கம், வயது, வலதா இடதா எல்லாவற்றையும் ஒப்பிட்டுத் திருத்துவித்துத்தான் வந்தாள். போத்தலைப் பார்க்காமல் அறையைவிட்டு வராதீர்கள்.

பிறகு பத்து நிமிடம் அமத்திப் பிடித்தார்கள். தையல் போடவில்லை, ஒட்டுப் பட்டிதான்; அதுவாக விழும்வரை உரிக்கக்கூடாது.

வீட்டுக்கு ஓட்டோவில் வந்தோம். பஸ்ஸில் ஏறினால் மேலே கம்பியைப் பிடிக்கவேண்டும், அந்தக் கையால் முடியாது. காலி வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் மடித்த துவாயை மார்பில் அமத்திப் பிடித்தேன். ஐஸ் கட்டியைப் பொலித்தீனில் கட்டி, துணியில் சுற்றி, பத்து பதினைந்து நிமிடம் வைப்பதும் எடுப்பதும். நேரே தோலில் வைக்கக்கூடாது. நோவுக்கு இரண்டு பெனடோல், ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. ஒரு நாளைக்கு எட்டுக்கு மேல் போகக்கூடாது. அஸ்பிரினோ, கடையில் கேட்டு வாங்குகிற வேறு நோவுக் குளிசையோ போடவேண்டாம் என்றார்கள், இரத்தக் கசிவு கூடுமாம். முதலிரவு பிராவோடே நித்திரை. ஒரு நாள் அந்த இடத்தில் தண்ணீர் படாமல் உடம்பு கழுவினேன்.

பாரம் தூக்காதே என்றும் சொன்னார்கள். பாரம் என்றதும் நான் அரிசி மூட்டையை நினைத்தேன். கையை ஊன்றி அமத்துகிற, இழுக்கிற எல்லாம் அதற்குள் அடக்கம். தேங்காய் திருவுவது, மாக் குழைப்பது, ஈரப் பெட்சீற் பிழிவது, தடித்த துணியைப் பெரிய கத்தரிக்கோலால் வெட்டுவது. இரண்டு நாள் சட்டை வெட்டாமல், கொக்கி தைக்கிற வேலையாகப் பார்த்துச் செய்தேன். அதோடு தப்பினேன் என்று நினைத்தபோதுதான் சொந்தக்காரர் வந்து இறங்கினார்கள்.

வீக்கத்தைக் கண்டு தங்கச்சிக்குப் போன் எடுத்தேன். அவள் பேசிய பேச்சு இங்கே எழுதக்கூடியதல்ல. அன்றிரவே போனோம். ஸ்கான் வைத்துப் பார்த்துவிட்டு, உள்ளே இரத்தம் கட்டியிருக்கிறது, புதிதாக வளரவில்லை, எடுக்கத் தேவையில்லை, தானாகக் கரையும், சில கிழமை செல்லும் என்றார்கள். இறுக்கிக் கட்டுப் போட்டுவிட்டார்கள். எதற்கு உடனே வரவேண்டும் என்பதை இந்தமுறை எழுதி வாங்கினேன்: பதினைந்து நிமிடம் அமத்தியும் நிற்காத இரத்தம், பார்த்துக்கொண்டிருக்கப் பெருக்கிற வீக்கம், சிவந்து சூடேறுவது, சீழ், 38 பாகைக்கு மேல் காய்ச்சல்.

திரும்பி வர மாமி வாசலில் நின்றா. கட்டைக் கண்டா. மறைக்க வழியில்லை, சொன்னேன். விழவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னா: "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கடையில எடுத்திருப்பனே பிள்ளை, இடியப்பம்!"

எங்கள் ஒழுங்கையின் முகப்பில் இரண்டு கடை. இரண்டிலும் பின்னேரம் ஐந்து மணிக்கு ஆவி பறக்க இடியப்பமும் சொதியும் இருக்கும். அன்றிரவு எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அடுத்த நாளிலிருந்து குசினி மாமியுடையது. கன்றிப்போன இடம் முதலில் கத்தரிப்பூ நிறம், பிறகு பாசிப் பச்சை, பிறகு பழுத்த மாம்பழ மஞ்சள். ஒவ்வொரு காலையும் அவவே பார்த்து நிறத்தைச் சொன்னா. சாதாரணமாக ஒன்று இரண்டு கிழமையில் போகிறது எனக்கு இடியப்பத்தின் புண்ணியத்தில் நாலு கிழமை நின்றது.

முடிவு வர ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளில் சட்டைக்கு அளவு கொடுக்க வந்த ஒருவர், என் முகத்தைப் பார்த்து விசாரித்துவிட்டு, "கட்டியில ஊசி குத்தினா உடம்பெல்லாம் பரவுமாமே?" என்று கேட்டுவிட்டுப் போனா. அதைக் கேட்டு இன்னொரு இரவு போனது. டொக்டரிடம் கேட்டேன். ஊசி குத்துவதால் நோய் உடம்பெங்கும் பரவாது, குத்திப் பார்க்காமல் விடுவதுதான் ஆபத்து என்றார். அந்தக் காலத்தில் என்னவென்று தெரியாமலே முழுதாக வெட்டியெடுத்துத்தான் பார்த்தார்களாம். இப்போது சதையைப் பார்த்து, தேவையா என்று முடிவெடுத்த பிறகுதான் கத்தி.

ரிப்போர்ட் உறையைத் தங்கச்சி பிடுங்கி வைத்துக்கொண்டாள். இருந்தும் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டேன்: 'பி2'. இரண்டாம் கட்டமாக்கும் என்று நெஞ்சு திரும்பவும் அடித்தது. புத்தி வரவில்லை, பாருங்கள். அதுவும் கட்டமல்ல. சதையைப் பார்த்தவர் போடுகிற இலக்கம்: பி1 சாதாரண சதை, பி2 தீங்கில்லாத கட்டி, பி3 நிச்சயமில்லை, பி4 சந்தேகம், பி5 புற்றுநோய். என்னுடையது ஃபைப்ரோஅடினோமா. இளம் பிள்ளைகளுக்குத்தான் கூட வரும், 45இலும் வரலாம் என்றார் டொக்டர். தொட்டுப் பார்த்ததும் படத்தில் தெரிந்ததும் சதையில் வந்ததும் ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தாவிட்டால் பி2 என்று வந்தாலும் திரும்ப எடுப்பார்களாம். ஆகவே நல்ல முடிவென்றாலும் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடாமல் டொக்டரைக் காணவேண்டும். எனக்குப் பொருந்தியது.

வரிசையில் எனக்கு முன்னால் இருந்தவவுக்கு அப்படி வரவில்லை. அவ வெளியே வந்தபோது நானும் தங்கச்சியும் எழும்பி இடம் கொடுத்தோம். மகரகமைக்கு எந்த பஸ் என்று கேட்டா. 138 என்றேன், குரலைத் தாழ்த்தாமல் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஆறு மாதத்தில் திரும்ப ஸ்கான். மாமி கலண்டரில் அந்தத் திகதியைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு, பக்கத்தில் 'பவுடர் பூசாதே' என்று எழுதியிருக்கிறா. பவுடர் மமோகிராமுக்குத்தான் ஆகாது, ஸ்கானுக்குப் பூசினால் ஒன்றுமில்லை என்று நான் இன்னும் அவவுக்குச் சொல்லவில்லை.